எந்தக் குடிக்கும் சொந்தமில்லாத மண்



தான்சானியாவைப் பற்றிப் பேச வந்த நான் முதலில் ஒரு பழைய புகைப்படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1964 ஏப்ரல் மாதக் கடைசி. தார் எஸ் சலாம் நகரம். இரண்டு சுரைக்குடுவைகளில் மண் வந்திருக்கிறது. ஒன்றில் தாங்கனீக்கா என்ற பெருநிலத்தின் மண், மற்றதில் சான்சிபார் தீவின் மண். நாட்டின் தலைவர் ஜூலியஸ் நைரேரே இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கலக்கிறார். இரண்டு நாடுகள் ஒன்றாகிவிட்டன என்பதற்கு அதுவே சடங்கு. ஒப்பந்தமும் கையெழுத்தாயிற்று, சட்டமும் நிறைவேறிற்று. ஆனாலும் அந்த நாட்டு மக்கள் மனத்தில் நின்றது அந்த மண்தான்.

ஆப்பிரிக்க நாடுகளின் எல்லைக் கோடுகளை ஐரோப்பியர் போட்டார்கள் என்பது நாம் எல்லாரும் அறிந்த செய்தி. அந்தக் கோட்டுக்குள் அகப்பட்ட மக்கள் தங்களை ஒரே நாட்டாராக எப்படி ஆக்கிக்கொண்டார்கள் என்பதைத்தான் நாம் அதிகம் விசாரிப்பதில்லை. தான்சானியர் என்ற ஒரு மக்களை உண்டாக்கியது சுவாஹிலி மொழி என்பார்கள் சிலர். நைரேரே என்ற மனிதர் என்பார்கள் வேறு சிலர். இரண்டும் உண்மையே. இரண்டுக்கும் அடியில் இன்னொன்று இருப்பதாக நான் கருதுகிறேன். நிலம் எந்த இனக்குழுவுக்கும் தனிச்சொத்து அல்ல, எல்லாருக்கும் பொது என்று அந்த நாடு முடிவெடுத்தது. 120க்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் வாழும் பெருநிலம் விடுதலைக்குப் பின் ஓர் உள்நாட்டுப் போரையும் காணாமல் இருந்ததற்கு அந்த முடிவும் ஒரு காரணம். இன்று அங்கே சில மக்கள் பரம்பரையாகத் தாங்கள் மாடு மேய்த்த இடத்தில் கால் ஊன்ற முடியாமல் தவிப்பதற்கும் அதே முடிவுதான் காரணம். இந்த இரண்டையும் சேர்த்தே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் நிலம். பரப்பு ஏறத்தாழ 9,45,000 சதுர கிலோமீட்டர். 2022 கணக்கெடுப்பின்படி மக்கள் 6.17 கோடி. கிழக்கே இந்தியப் பெருங்கடல், வடக்கே விக்டோரியா ஏரி, மேற்கே தாங்கனீக்கா ஏரி, தெற்கே நியாசா ஏரி. வடகிழக்கு மூலையில் 5,895 மீட்டர் உயரத்தில் கிளிமஞ்சாரோ. நாட்டின் நடுப்பகுதி மட்டும் மழை குறைந்த வறண்ட பீடபூமி. தண்ணீர் ஓரங்களில் இருந்ததால் மக்களும் ஓரங்களிலேயே திரண்டார்கள். கிளிமஞ்சாரோ சரிவில் சாகா மக்கள், விக்டோரியாவுக்கு மேற்கே ஹாயா மக்கள், தெற்கே சுகுமா மக்கள், நியாசா ஏரிக்கு வடக்கே நியாகியுசா மக்கள். பெரிய குடிகள் ஒன்றுக்கொன்று நூற்றுக்கணக்கான மைல் தள்ளி, எல்லைகளை ஒட்டியே இருந்தன. ஆட்சி நடந்த தார் எஸ் சலாமைச் சுற்றி இருந்தவர்களோ சராமோ என்ற சிறு குடியினர். எல்லாரிலும் பெரிய குடியான சுகுமா மக்களே ஆறில் ஒரு பங்குதான் வருவார்கள். தலைநகரைப் பிடித்து மற்றவரை ஆளும் நிலையில் எந்தக் குடியும் இல்லை. இது யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல, மழை அமைத்துக் கொடுத்த வாய்ப்பு.

சாகா மக்களின் தோட்டத்தைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். மேலே வாழை, அதன் நிழலில் காப்பிச் செடி, அதற்கும் கீழே சேம்பு, கிழங்கு. பனிமலை ஓடைகளிலிருந்து மலைச்சரிவை வெட்டிக் கொண்டுவந்த வாய்க்கால் தோட்டத்துக்குள் ஓடும். வீட்டை ஒட்டிக் கொட்டில், கொட்டிலின் எரு வாழைக்கு. வீட்டில் இறந்தவர்களை அதே தோட்டத்தில்தான் புதைப்பார்கள். கிஹாம்பா என்று பெயர். பாட்டனின் எலும்பு எந்த மண்ணில் கிடக்கிறதோ அந்த மண்ணில் விளைந்த வாழைக்காயைப் பேரன் உண்கிறான். அப்படி வாழும் ஒருவரிடம் போய் நிலம் நாட்டுக்குச் சொந்தம் என்று சொல்வது எளிதான காரியம் அல்ல என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து தென்மேற்கே வந்தால் எயாசி ஏரி, ம்புலு மேட்டுநிலம், கொண்டோவா. ஆப்பிரிக்க மொழிகளை அறிஞர்கள் நான்கு பெரும் கூட்டங்களாகப் பிரித்தார்கள். அந்த நான்கையும் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் ஒருவருக்கொருவர் எட்டிய தொலைவில் வாழும் இடம் இது. வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழும் ஹட்சா மக்கள், சில நாள் நடைத் தொலைவில் சந்தாவே மக்கள். இருவர் பேச்சிலும் நாக்கைச் சப்புக்கொட்டும் ஒலிகள் மெய்யெழுத்துகளாக வரும். பக்கத்தில் குஷைட்டிக் மொழி பேசும் இராக்கு உழவர்கள், நைலோட்டிக் மொழி பேசும் தத்தோகா ஆயர்கள், பாந்து மொழி பேசும் ராங்கி மக்கள். இவர்களிடையே சண்டை சச்சரவு நடந்ததுண்டு. பெண் கொடுத்து எடுத்ததும் உண்டு. ஒரு குடியில் பிறந்து இன்னொரு குடியாளாகச் செத்தவர்களும் நிறையப் பேர். குடி என்பது பிறப்பிலேயே பூட்டப்பட்ட பூட்டு என்ற எண்ணம் அங்கே பின்னால் வந்தது. அதைச் சட்டமாக்கியவர்கள் வெள்ளை அதிகாரிகள்.

1884இல் கார்ல் பீட்டர்ஸ் என்ற ஜெர்மானியர் வெற்று ஒப்பந்தத் தாள்களோடு வந்து, குடித்தலைவர்களிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனார். அடுத்த ஆண்டே அது ஜெர்மன் பேரரசின் பகுதி. எதிர்த்தவர்களைத் தூக்கிலிட்டார்கள். கிளிமஞ்சாரோவின் மோஷி பகுதித் தலைவர் மங்கி மெலியை 1900இல் தூக்கிலிட்டு, தலையை பெர்லினுக்கு அனுப்பினார்கள் என்பது அவர் சந்ததியார் சொல்வது. அந்தத் தலையை இன்றும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

1905 ஜூலையில், தெற்கே மத்தும்பி மலைப்பகுதியில், கட்டாயப் பயிராக நடவைத்த பருத்திச் செடிகளை உழவர்கள் சிலர் வேரோடு பிடுங்கிப் போட்டார்கள். மாஜி மாஜி எழுச்சி என்று வரலாறு சொல்லும் போர் அங்கேதான் தொடங்கியது. தங்களுக்குச் சோறு போடாத பயிர், தங்கள் நிலத்திலேயே, சவுக்கடிக்குப் பயந்து நட்டது. அதனால் கோபம் முதலில் செடியின் மேல் இறங்கியது. ஙகரம்பே ஊரின் கிஞ்சிகிட்டிலே என்ற அருளாளர் மந்திரித்துக் கொடுத்த நீரில் தினையும் ஆமணக்கு எண்ணெயும் கலந்திருந்தன. அதைத் தெளித்துக்கொண்டால் துப்பாக்கிக் குண்டு தண்ணீராய்ப் போகும் என்று நம்பினார்கள். குண்டு குண்டாகத்தான் வந்தது. கிஞ்சிகிட்டிலேயைத் தொடக்கத்திலேயே தூக்கிலிட்டார்கள். இருந்தும் அந்த நீரை நம்பி, அதுவரை ஒருவரையொருவர் அறியாத பல குடிகள் ஒரே எதிரிக்கு எதிராக எழுந்தன. பிற்காலத்தில் விடுதலை இயக்கத்தார் தங்கள் முன்னோடியாக மாஜி மாஜியைக் கொண்டாடியது இதனால்தான்.

போரை ஜெர்மானியர் முடித்த விதத்தையும் சொல்ல வேண்டும். துப்பாக்கியால் முடியாததைப் பசியால் முடித்தார்கள். வயல்களையும் களஞ்சியங்களையும் ஊர் ஊராகக் கொளுத்தினார்கள். 75,000 பேர் முதல் 3,00,000 பேர் வரை செத்திருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் கணிக்கிறார்கள். பெரும்பாலோர் பட்டினியில் போனவர்கள். உழுத நிலம் புதராயிற்று, புதர் காடாயிற்று, யானை வந்தது, உறக்கநோய் பரப்பும் ஈ வந்தது. அந்தப் பகுதியில் பிறகு மிகப் பெரிய வேட்டைக் காப்பகம் அமைந்தது. மனிதக் கால் படாத கன்னிக்காடு என்று சுற்றுலாக்காரரிடம் சொல்லும் இடங்களில் சில, ஒரு காலத்தில் அடுப்பெரிந்த ஊர்கள். ஆப்பிரிக்கக் காடுகளைப் பற்றிய எந்த ஆவணப்படத்தைப் பார்த்தாலும் எனக்கு இது நினைவுக்கு வருகிறது, நெஞ்சு கனக்கிறது.

முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டன் வந்தது. 1923இல் ஒரு நிலச் சட்டம் போட்டது. ஆளுள்ள நிலம், ஆளில்லா நிலம் எல்லாம் பொதுநிலம், ஆளுநரின் பொறுப்பில் இருக்கும், மக்களுக்கு இருப்பது அனுபோக உரிமை மட்டுமே. அதே பத்தாண்டில் ஆளுநர் டொனால்ட் கேமரன் குடித்தலைவர்கள் வழியாக ஆளும் முறையைக் கொண்டுவந்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு குடி, ஒவ்வொரு குடிக்கும் ஒரு தலைவர், ஒவ்வொரு தலைவருக்கும் ஓர் எல்லை. தலைவரே இல்லாத குடிகளுக்குத் தலைவரைத் தேடிப் பிடித்து நியமித்த இடங்களும் உண்டு.

அந்த நிலச் சட்டத்தின் பல் எப்படிக் கடிக்கும் என்பது 1951இல் தெரிந்தது. மேரு மலையடிவாரத்தில் எங்காரே நன்யுக்கி என்ற இடம். வெள்ளைப் பண்ணையாருக்குத் தொடர்ச்சியான நிலம் வேண்டும் என்பதற்காக அங்கிருந்த ஏறத்தாழ 3,000 மேரு மக்களைப் போலீசை வைத்து வெளியேற்றினார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள். மேரு மக்கள் வேலோடு போகவில்லை. தங்களுக்குள் காசு திரட்டி, கிரிலோ ஜாபெத் என்ற இளைஞரை நியூயார்க்குக்கு அனுப்பினார்கள். 1952இல் அவர் ஐக்கிய நாடுகள் அவையில் எழுந்து நின்று முறையிட்டார். நிலம் திரும்பவில்லை. ஆனால் ஊர் திரும்பிய கிரிலோ நாடெங்கும் போய்ப் பேசினார். ஒரு குடியின் நிலவழக்கு தாங்கனீக்கா முழுவதின் வழக்காயிற்று. இரண்டு ஆண்டு கழித்து, 1954 ஜூலை 7 அன்று, டானு கட்சி பிறந்தது. அதன் தலைவர் பள்ளியாசிரியராக இருந்த நைரேரே. அதனாலேயே கடைசிவரை அவரை மக்கள் ம்வாலிமு, அதாவது வாத்தியார் என்றே அழைத்தார்கள்.

நைரேரே ஒரு குடித்தலைவரின் மகன். அவர் பிறந்த சனாக்கி குடி விக்டோரியா ஏரிக்குக் கிழக்கே வாழும் மிகச் சிறிய குடி. 1958இல் ஆங்கிலேய அரசு, நிலத்தை முழு உரிமையோடு தனியார் வாங்கி விற்கலாம் என்று ஒரு திட்டத்தை முன்வைத்தபோது அவர் அதை எதிர்த்து ஒரு சிறுநூல் எழுதினார். அவர் கேட்டது எளிமையான கேள்வி. பெரும்பணம் வைத்திருக்கும் ஒருவர் நாட்டையே வாங்கிவிட்டால் மற்றவர்கள் எங்கே நிற்பார்கள்? இது என் சொற்களில் அவர் வாதம். நிலத்தைச் சந்தையில் விட்டால் பணமுள்ள சிலர் உடையவராகவும் மற்றவர் குடிவாரக்காரராகவும் ஆவார்கள் என்று அஞ்சினார். குடிகளுக்குப் பிரித்துக் கொடுத்தாலோ ஒவ்வொரு குடியும் வேலி போட்டுக்கொண்டு அயலாரை விரட்டும். ஆகவே அவர் ஆங்கிலேயரின் 1923 சட்டத்தின் அடித்தளத்தை அப்படியே வைத்துக்கொண்டார். ஆளுநர் இருந்த இடத்தில் விடுதலை பெற்ற நாட்டின் குடியரசுத் தலைவர் வந்தார். இந்த ஒரு மாற்றத்தின் நன்மை தீமை இரண்டையும் அந்த நாடு இன்றுவரை அனுபவிக்கிறது.

குடியுரிமை யாருக்கு என்ற கேள்வி 1961 அக்டோபரில் சட்டமன்றத்துக்கு வந்தது. விடுதலைக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. ஆப்பிரிக்கருக்கு மட்டுமே குடியுரிமை, இந்தியருக்கும் அரபியருக்கும் வெள்ளையருக்கும் கூடாது என்று அவருடைய கட்சிக்காரர்கள் சிலரே பேசினார்கள். கூட்டம் கைதட்டும் பேச்சு அது. நைரேரே சினந்து எழுந்தார். தோலின் நிறத்தை வைத்துக் குடியுரிமை தருவது ஹிட்லர் செய்த வேலை என்றார். நிறம் பாராமல் குடியுரிமை தரும் அரசின் மசோதா தோற்றால் அரசு பதவி விலகும் என்றார். மசோதா நிறைவேறியது. குஜராத்தி வம்சாவளியைச் சேர்ந்த அமீர் ஜமால் பல ஆண்டுகள் நாட்டின் நிதியமைச்சராக இருந்தார். ஆனால் 1971இல் வாடகைக் கட்டடங்களை அரசுடைமை ஆக்கியபோது அடி பெரும்பாலும் விழுந்தது இந்திய வம்சாவளியினர் மீது. பல குடும்பங்கள் கனடாவுக்கும் பிரிட்டனுக்கும் பெயர்ந்தன. சட்டத்தில் நிறம் இல்லை, விளைவில் இருந்தது. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

1963இல் குடித்தலைவர்களின் அதிகாரத்தைச் சட்டத்தால் ஒழித்தார்கள். செய்தவர் குடித்தலைவரின் மகன். அண்டை நாடான உகாண்டாவில் புகாண்டா மன்னருக்கும் பிரதமருக்கும் மூண்ட பகை 1966இல் அரண்மனை மேல் படையெடுப்பில் முடிந்ததை நினைத்துப் பார்த்தால், இந்தச் சட்டம் எவ்வளவு பெரிய தீயை முன்கூட்டியே அணைத்தது என்பது புரியும்.

இப்போது மொழிக்கு வருவோம். சுவாஹிலி கடற்கரையில் பிறந்த மொழி. பாந்து இலக்கணம், அரபியிலிருந்து நிறையச் சொற்கள். தந்தத்தையும் அடிமைகளையும் சுமந்த வணிகக் கூட்டங்களோடு அது உள்நாட்டுக்குள் நடந்து போயிற்று. மிஷன் பள்ளிகளும் ஜெர்மன் அரசு அலுவலகங்களும் அதைப் பயன்படுத்தின. 1930இல் சான்சிபார் நகரப் பேச்சை அடிப்படையாக வைத்து அதற்கு ஒரு பொதுவடிவம் தந்தார்கள். தாங்கா நகரப் பக்கத்துக் கவிஞர் ஷாபான் ராபர்ட் அதை நவீன இலக்கிய மொழியாக வளர்த்தார். நைரேரே ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசரை 1963இல் சுவாஹிலியில் பெயர்த்தார். சுவாஹிலி பெரிய குடி எதற்கும் தாய்மொழி அல்ல. அதை ஏற்பதால் சுகுமாக்காரர் சாகாக்காரரிடம் தோற்றுவிடவில்லை. இது மிகப் பெரிய வசதி. 1967 முதல் தொடக்கப்பள்ளி முழுவதும் சுவாஹிலியில். அந்நாளில் உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிள்ளையை அரசே வேறு மாகாணத்து விடுதிப் பள்ளிக்கு அனுப்பியது. படித்து முடித்தவர்களுக்குத் தேசியப் பணிப்படையில் முகாம். அரசு வேலை கிடைத்தவர்களைச் சொந்த ஊரில் நியமிக்கவில்லை. மலைச்சரிவுப் பெண் ஏரிக்கரைப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள், அவர்கள் வீட்டுப் பிள்ளைக்குத் தாய்மொழி சுவாஹிலி. 1967 கணக்கெடுப்போடு, நீ எந்தக் குடி என்று கேட்பதையே அரசு நிறுத்திவிட்டது.

அரசு செய்ததைச் சொன்னேன். மக்கள் தாங்களாகவே வைத்திருந்த ஒன்றையும் சொல்கிறேன். குடிக்கும் குடிக்கும் இடையே கேலி உறவு ஒன்று உண்டு, உதானி என்பார்கள். உள்நாட்டு நியாம்வேசிச் சுமைக்காரர்களும் கடற்கரைச் சராமோக்களும் வணிகப் பாதையில் சந்தித்துச் சந்தித்து வளர்ந்த உறவு அது. நம்மூர் மாமன் மைத்துனர் கேலியைப் போன்றது, ஆனால் இரண்டு குடிகள் முழுவதற்கும் பொருந்தும். சாவு வீட்டில் எல்லாரும் அழுதுகொண்டிருக்கும்போது கேலி உறவுக்காரர் வருவார். இறந்தவர் எப்படி நடப்பார், எப்படி இருமுவார் என்று நடித்துக் காட்டுவார். பிணத்தை எடுக்கவிடாமல் மறித்துக் காசு கேட்பார். யாரும் கோபிக்கக் கூடாது. கேலி செய்தவரே குழி வெட்டவும் சமைக்கவும் முன்னால் நிற்பார். அயலானை உறவாக்கிக்கொள்ளும் இந்த வழக்கம் அங்கே முன்பே இருந்ததால்தான் நைரேரேயின் பேச்சு மக்கள் காதில் ஏறியது என்று நம்புகிறேன்.

இதெல்லாம் வெறும் பேச்சா, பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்லலாம். எட்வர்ட் மிகெல் என்ற பொருளியலாளர், கென்யாவின் புசியா மாவட்டத்தையும் தான்சானியாவின் மியாத்து மாவட்டத்தையும் ஒப்பிட்டு 2004இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கென்யப் பகுதியில் பல குடிகள் கலந்து வாழும் ஊர்களில் பள்ளிக்கூடத்துக்குப் பணம் திரட்டுவது கடினமாக இருந்தது. தான்சானியப் பகுதியில் அந்தக் குறை தென்படவில்லை. கிணறும் வகுப்பறையும் கட்டும் இடத்தில் தேசிய உணர்வு வந்து நிற்கிறது.

குறையும் உண்டு. உயர்நிலைப் பள்ளியில் திடீரென்று ஆங்கிலத்துக்கு மாறும்போது ஏழைப் பிள்ளைகள் தடுமாறி விழுகிறார்கள். ஐம்பது ஆண்டுகளாக இதைத் தீர்க்காமல் வைத்திருப்பது அந்த நாட்டின் பெரும் தவறு. சிறு குடிகளின் மொழிகளுக்குப் பள்ளியில் இடமே இல்லை, பல மெல்ல மெல்ல அழிகின்றன.

இனி, இந்தக் கதையின் கடினமான பகுதி. 1967 பிப்ரவரி 5 அன்று அருஷா பிரகடனம். உஜாமா என்ற பெயரில் கூட்டு வாழ்க்கை, கூட்டு உழவு. சிதறிக் கிடக்கும் வீடுகளை ஊராகச் சேர்த்தால் பள்ளியும் மருந்தகமும் குழாய்த் தண்ணீரும் தரலாம் என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான். முதலில் விருப்பம் உள்ளவர்கள் வரலாம் என்றார்கள், பிறகு வந்தே ஆக வேண்டும் என்றார்கள்.

1971 கிறிஸ்துமஸ் நாள். இரிங்கா மாகாணத்தில் இஸ்மானி என்ற இடம். சைதி ம்வாம்விண்டி என்ற உழவர் பண்டிகை நாளிலும் தன் நிலத்தை உழுதுகொண்டிருந்தார். மாகாண ஆணையர் வில்பர்ட் கிளெரு தன் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு அங்கே வந்து இறங்கினார். கூட்டுப் பண்ணையில் சேராமல் தனியாக உழுவது ஏன் என்று வாக்குவாதம். ம்வாம்விண்டியின் உறவினர் கல்லறைகள் அந்த நிலத்திலேயே இருந்தன. அவற்றைப் பற்றியும் பேச்சு எழுந்தது. ம்வாம்விண்டி துப்பாக்கியை எடுத்து ஆணையரைச் சுட்டார். உடலை ஆணையரின் வண்டியிலேயே ஏற்றி, இரிங்கா காவல் நிலையத்துக்குத் தானே ஓட்டிக்கொண்டுபோய்ச் சரணடைந்தார். அவரைத் தூக்கிலிட்டார்கள். இருவருமே ஆப்பிரிக்கர், இருவருமே புதிய நாட்டின் குடிமக்கள். நான் எந்தக் கொலைக்கும் நியாயம் சொல்ல வரவில்லை. கல்லறையுள்ள நிலத்தை ஒரு மனிதன் எப்படிப் பார்க்கிறான் என்பதை அரசு அன்றே உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

யோசிக்கவில்லை. 1973 முதல் 1976 வரை லாரிகளில் ஏற்றி மக்களைப் புது ஊர்களுக்கு மாற்றினார்கள். திரும்பி வராதபடி பழைய வீடுகளின் கூரையைப் பிரித்தும் கொளுத்தியும் விட்ட இடங்கள் உண்டு. வயல் ஓரிடம், வீடு ஓரிடம். வறட்சியும் சேர்ந்துகொள்ள, சோளத்தை வெளிநாட்டிலிருந்து இறக்கினார்கள். ஹனாங் மலையடிவாரத்தில் கனடா உதவியோடு கோதுமைப் பண்ணை தொடங்கி, பராபைக் ஆயர்களின் மேய்ச்சல் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் வணங்கிய முன்னோர் புதைகுழி மேடுகளை டிராக்டர்கள் உழுது போட்டன. 1905இல் ஊர் பிடுங்கி எறிந்த பருத்தியை நினைத்துப் பாருங்கள்.

அதே சமயம், பள்ளிக்கூடம் எட்டாத ஊர்களுக்குப் பள்ளிக்கூடம் எட்டியது இந்தக் காலத்தில்தான். முதியோர் கல்வி பரவியதும் அப்போதுதான். அந்தப் புது ஊர்களுக்கு 1975 சட்டம் ஒரு தகுதியைக் கொடுத்தது. ஊர்ச்சபை, ஊர்மன்றம், பதிவுபெற்ற எல்லை. வற்புறுத்திக் கட்டிய ஊர்களே பிற்காலத்தில் நிலத்தைக் காக்கும் அரண்களாயின. நைரேரேயை முழுவதும் போற்றுகிறவர்களும் முழுவதும் தூற்றுகிறவர்களும் இந்த முரணில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

சான்சிபாரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும், அது தனி உரைக்கு உரியது. 1964 ஜனவரிப் புரட்சியில் அங்கே ஆயிரக்கணக்கில் அரபியரும் இந்தியரும் கொல்லப்பட்டார்கள், ஓடினார்கள். நிலத்தைப் பறித்து மூன்று மூன்று ஏக்கராக ஏழைகளுக்குப் பங்கிட்டார்கள். தீவுக்குத் தனி அரசு, தனி நிலச்சட்டம். பெருநிலத்துக்காரர் அங்கே எளிதில் நிலம் பெற முடியாது. மண்ணைக் கலந்த பாத்திரத்தில் இரண்டும் இன்னும் முழுதாகக் கலக்கவில்லை.

நிலம் பொது என்ற கொள்கையின் மிக உயர்ந்த முகத்தைப் பார்க்க வேண்டுமானால் மேற்கே போக வேண்டும். 1972இல் புருண்டியில் நடந்த படுகொலைக்குத் தப்பி ஓடிவந்தவர்களைக் கட்டும்பா, மிஷாமோ, உலியங்குலு என்ற காட்டுப்பகுதிகளில் குடியேற்றினார்கள். குடும்பத்துக்கு இத்தனை ஏக்கர் என்று நிலம் கொடுத்தார்கள். அவர்கள் காட்டை வயலாக்கினார்கள். பின்னர் அவர்களில் சுமார் 1,62,000 பேருக்குக் குடியுரிமை வழங்க அரசு முடிவு செய்தது. சில ஆண்டு தாமதத்துக்குப் பின் 2014இல் சான்றிதழ்கள் கைக்கு வந்தன. அகதியாக வந்த இத்தனை பேரை ஒருசேரக் குடிமக்களாக ஏற்ற நாடுகள் உலகில் மிகச் சில. முப்பது ஆண்டு, நாற்பது ஆண்டு முகாமிலேயே கிடக்கும் அகதிகளை நாம் அறிவோம். அதனால் இந்தச் செய்தி எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. நிலத்துக்கு ஒரு குடி உரிமை கொண்டாடியிருந்தால் இது நடந்திருக்காது.

அதே கொள்கையின் மறுமுகம் வடக்கே. 1999இல் வந்த இரண்டு நிலச் சட்டங்களின்படி நாட்டு நிலம் முழுவதும் பொது, குடியரசுத் தலைவர் எல்லா மக்களுக்குமாக அதன் அறங்காவலர். ஏறத்தாழ 70 விழுக்காடு ஊர்நிலம், அதை ஊர்மன்றம் நிர்வகிக்கும், முக்கிய முடிவுக்கு ஊர்ச்சபையின் ஒப்புதல் வேண்டும். ஆப்பிரிக்காவில் கிராமத்துக்கு இவ்வளவு உரிமை தரும் சட்டங்கள் குறைவு. ஆனால் பொதுநலன் என்று சொல்லி ஊர்நிலத்தை அரசு வேறு வகைக்கு மாற்றவும் அதே சட்டம் வழிவிடுகிறது. அறங்காவலர் எப்போது உடைமையாளர் ஆகிறார் என்பது அந்த ஒரு பிரிவில் இருக்கிறது.

மசாய் மக்களின் வழக்கு இங்கேதான் வருகிறது. 1959இல் செரெங்கெட்டியைத் தேசியப் பூங்காவுக்காக விட்டுக்கொடுத்து வெளியேறினார்கள். பதிலுக்கு ங்கோரோங்கோரோ மேட்டுநிலத்தில், காட்டு விலங்குகளோடு சேர்ந்து மாடு மேய்த்து வாழலாம் என்று அன்றைய ஆங்கிலேய அரசு வாக்குக் கொடுத்தது. 8,292 சதுர கிலோமீட்டர் பரப்பு. அப்போது சுமார் 8,000 பேர், இப்போது ஒரு லட்சம் அளவில். மக்களும் மாடுகளும் பெருகியதால் காடும் விலங்கும் தாங்காது என்கிறது அரசு. அதில் கொஞ்சமும் உண்மை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சுற்றுலா அந்த நாட்டுக்கு அந்நியச் செலாவணி தரும் முதன்மையான தொழில்களில் ஒன்று என்பதும் உண்மை. ஆனால் 2022 முதல், 600 கிலோமீட்டர் தொலைவில் ஹண்டேனி மாவட்டத்து ம்சோமேரா ஊருக்கு மசாய்க் குடும்பங்களை மாற்றுகிறார்கள். விருப்பத்தின் பேரில் என்கிறது அரசு. இருக்கும் இடத்தில் மருத்துவமும் பள்ளியும் சுருங்கிக்கொண்டே போனால் அது எப்படி விருப்பம் ஆகும் என்று கேட்கிறார்கள் அங்குள்ளவர்கள். ம்சோமேராவில் முன்பே குடியிருந்தவர்களோ தங்கள் நிலம் போனது என்று முறையிடுகிறார்கள். அதே 2022 ஜூனில் பக்கத்து லோலியோண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக எல்லைக்கல் நடப் போனபோது மோதல் மூண்டது. ஒரு போலீஸ்காரர் இறந்தார், ஊர்மக்கள் பலர் காயத்தோடு கென்ய எல்லையைத் தாண்டி ஓடினார்கள்.

இதை ஒரு குடியின் பிரச்சினை என்று ஒதுக்குவது தவறு. ஒரே கட்சி வெவ்வேறு பெயரில் 1961 முதல் ஆள்கிறது. குடிப்பிரிவினை வேண்டாம் என்று தொடங்கிய ஒற்றுமை, எதிர்ப்பே வேண்டாம் என்ற இடத்துக்கு நழுவிப் போயிருக்கிறது. 2025 அக்டோபர் 29 தேர்தலின்போது முதன்மையான எதிர்க்கட்சித் தலைவர் துண்டு லிஸ்ஸு தேசத்துரோக வழக்கில் சிறையில் இருந்தார். தெருவில் இளைஞர்கள் இறங்கினார்கள், இணையம் அணைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் பலர் இறந்தார்கள். அமைதிக்குப் பெயர்பெற்ற நாட்டிலிருந்து வந்த அந்தச் செய்தி எனக்குப் பெரும் துயரம் தந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த இளைஞர்கள் குடி குடியாகப் பிரிந்து ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளவில்லை. அவர்கள் கேள்வி அரசை நோக்கி இருந்தது.

மசாய் மக்களும் அப்படியே. 2024 ஆகஸ்டில், ங்கோரோங்கோரோவின் ஊர்களையும் வட்டங்களையும் அரசு தன் பதிவேட்டிலிருந்து நீக்கியது. வாக்காளர் பதிவு 600 கிலோமீட்டர் தள்ளி ம்சோமேராவுக்குப் போயிற்று. சில நாட்களில் ஆயிரக்கணக்கான மசாய் ஆண்களும் பெண்களும் சிவப்புப் போர்வையும் மணிமாலையுமாகச் சுற்றுலா வண்டிகள் போகும் சாலையில் வந்து நின்றுவிட்டார்கள். தனிநாடு வேண்டும் என்றோ மசாய் நிலம் மசாய்க்கே என்றோ அவர்கள் கேட்கவில்லை. எங்கள் ஊரை மறுபடி பதிவேட்டில் எழுதுங்கள், எங்கள் ஊரிலேயே ஓட்டுப் போட விடுங்கள் என்றுதான் கேட்டார்கள். தான்சானியாவின் குடிமக்களாக, தான்சானியாவின் சட்டத்தைச் சுட்டிக் கேட்டார்கள். அருஷா உயர் நீதிமன்றம் அந்த நீக்க ஆணையை நிறுத்தி வைத்தது. அமைச்சர் நேரில் வந்து, ஓட்டுப் போடலாம் என்று அறிவித்தார். நிலவழக்கு இன்னும் முடியவில்லை.